வாசிக்கப்படாத கோப்புகள்: டேவிட் டேயனின் ‘செயின் ஆஃப் டைட்டில்’

அமெரிக்க வீட்டுக் கடன் நெருக்கடி பற்றிய புத்தகம் என்றதும் வால் ஸ்ட்ரீட், கோட்டு சூட்டு, புரியாத வரைபடங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2016இல் வெளிவந்த ‘செயின் ஆஃப் டைட்டி’லின் மையத்தில் இருப்பவர்கள் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த மூன்று பேர். லிசா எப்ஸ்டீன் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ். மைக்கேல் ரெட்மன் கார் விற்பனை நிலையத்தில் வேலை பார்த்தவர். லின் சிமோனியாக் இன்சூரன்ஸ் மோசடிகளைத் துருவிப் பழகிய வழக்கறிஞர். மூன்று பேர் வீட்டுக்கும் ஜப்தி வந்தது.

தலைப்பு சொல்வது நமக்குத் தெரிந்த விஷயம்தான். வீடு வாங்கப் போனால் முதலில் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்போம் இல்லையா, அதேதான். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற சங்கிலி. அமெரிக்காவில் கடன் கொடுத்த வங்கி அந்தக் கடனை விற்றுவிடும். வாங்கியவர் அதை ஆயிரம் கடன்களோடு மூட்டை கட்டி முதலீட்டாளர்களுக்கு விற்பார். தவணை வசூலிப்பதும், கட்டாதவர்மேல் நடவடிக்கை எடுப்பதும் ‘சர்வீசர்’ என்ற வேறொரு நிறுவனத்தின் வேலை. அந்த சர்வீசர் வீட்டைப் பறிக்கக் கோர்ட்டுக்குப் போனபோது, கடன் யாருடையது என்று காட்டும் தாள்கள் பல இடங்களில் கையில் இல்லை. எனவே தாள்கள் தயாரிக்கப்பட்டன. ஜார்ஜியாவில் இருந்த டாக்எக்ஸ் நிறுவனத்தில் பல ஊழியர்கள் ஒரே பெண்ணின் பெயரை நாளுக்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். தாள்களின்படி அந்தப் பெண் ஒரே சமயத்தில் பல வங்கிகளின் துணைத் தலைவர்.

இதை இந்த மூவரும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் புத்தகத்தின் உயிர். துப்பறியும் சாகசம் எதுவும் கிடையாது. தாளை எடுத்துப் படித்தார்கள், அவ்வளவுதான். ஒரே பெயர், ஆனால் கையெழுத்தின் வளைவு வேறு. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் புரட்டிவிட்டுப் போன பக்கங்களில் இவர்கள் நின்றார்கள். இலக்கிய வாசகர்களான நாம் நுண்வாசிப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் இழப்பீடு என்ற கட்டம் வரும்போது புத்தகத்தின்மேல் எனக்கு ஒரு மனக்குறை. 2012இல் ஐந்து பெரிய சர்வீசர்கள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் 2,500 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. வீட்டை இழந்து விண்ணப்பித்தவர்களுக்கு ஆளுக்குச் சுமார் 1,480 டாலர் வந்தது. டேயனுக்குக் கோபம் வருகிறது, நியாயமான கோபம். ஆனால் என் வாசிப்பில், அந்தக் காசோலையைக் கையில் வாங்கியவர்கள் பக்கத்தில் புத்தகம் போதிய நேரம் உட்காரவில்லை. மூவருக்கு முகம், மற்ற லட்சக்கணக்கானோருக்கு எண்.

இன்னொரு நிகழ்வையும் பார்க்கலாம். 2011இல் கட்டுப்பாட்டு அமைப்புகள், ஜப்திக் கோப்புகளை வெளி ஆலோசகர்கள் ஒவ்வொன்றாகப் படித்து யாருக்கு என்ன தீங்கு நடந்தது என்று கண்டறிய வேண்டும் என உத்தரவிட்டன. ஆலோசகர்களுக்குக் கிட்டத்தட்ட 200 கோடி டாலர் செலவானது. கோப்புகள் தீரவில்லை. 2013 ஜனவரியில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு வாசிப்பை நிறுத்திவிட்டு, ஆட்களை வகை பிரித்துப் பணம் கொடுப்பது என்று முடிவானது. சுமார் 42 லட்சம் பேர், 360 கோடி டாலர். ஆளுக்கு 300 டாலரிலிருந்து 1,25,000 டாலர் வரை. சராசரி பார்த்தால் 900 டாலர்கூட இல்லை. ஏப்ரலில் வந்த முதல் காசோலைகளில் சில வங்கியில் திரும்பிவந்தன.

மென்பொருள்காரனாக இந்த முடிவு எனக்கு நன்றாகவே புரிகிறது. 42 லட்சம் பேர் என்றால் நானும் அட்டவணை போட்டுத்தான் வடிவமைப்பேன். கூட்டு வழக்குகளின் தர்க்கமும் இதுவே. ஓரிருவர் பெயரில் வழக்கு நடக்கும். மற்றவர்கள் ‘வகுப்பின் உறுப்பினர்கள்’. ஒருநாள் தபாலில் ஒரு அறிவிப்பு வரும். வக்கீல்களின் பங்கு போக மிச்சம் பிரியும். ஒவ்வொருவரும் தனியாக வழக்குப் போட முடியாது என்பதால் இது தேவை. இது இல்லாவிட்டால் பெரும்பாலானோருக்கு அந்த 300 டாலரும் கிடையாது.

ஆனால் தீங்கு எங்கே நடந்தது? அதுவும் ஒரு அட்டவணைக்குள்தான். 2018இல் வெல்ஸ் ஃபார்கோ ஒன்றை ஒப்புக்கொண்டது. தவணையைக் குறைத்துத் தரலாமா என்று கணக்கிடும் அதன் மென்பொருள் வக்கீல் கட்டணத்தைக் கூடுதலாகக் கணக்கிட்டதால், தகுதியிருந்த சுமார் 870 பேருக்கு உதவி மறுக்கப்பட்டிருந்தது. அவர்களில் 545 பேர் வீட்டை இழந்தார்கள். பிழை 2010இலிருந்து எட்டு ஆண்டுகள் ஓடியது. என் தொழிலில் இதற்கு ‘பக்’ என்று பெயர், டிக்கெட் போட்டு மூடிவிடுவோம். இங்கே கூட்டு வழக்கு வந்தது, 2020இல் 1.85 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வாசிக்காத நிரல் வீட்டைப் பறித்தது. வாசிக்காத படிவம் இழப்பீடு தந்தது.

டேயனின் மூவரில் லின் சிமோனியாக்குக்கு மட்டும் வேறு கணக்கு. அரசு ஏமாற்றப்பட்டதை வெளிப்படுத்தியவர் என்ற வகையில், 9.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 1.8 கோடி அவருக்குக் கிடைத்தது. உழைத்ததற்கான பங்கு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கவனியுங்கள், அவருடைய வாசிப்புக்கு விலை இருந்தது. 1,480 டாலர் வாங்கியவரை யாரும் வாசிக்கவே இல்லை.

‘செயின் ஆஃப் டைட்டி’லைக் கட்டாயம் படியுங்கள். ஒரு கையெழுத்தை எப்படிப் பார்ப்பது என்று அது கற்றுத்தரும். எனக்கு இனி வேண்டியது இன்னொரு புத்தகம். வாடகை வீட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இழந்த வீட்டின் முகவரியைப் படிவத்தின் கட்டத்தில் நிரப்பும் ஒருவரைப் பற்றியது. நிரப்பி முடித்தபின் கட்டத்துக்கு வெளியே அவர் எதையாவது எழுதப் பார்த்தாரா என்று அதில் யாராவது சொல்ல வேண்டும்.