எளிது என்ற பழி

ரெக்கார்டர் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒலிப்பதிவுக் கருவிதான். நான் சொல்வது வேறு. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஊதுகுழல். முன்புறம் ஏழு துளை, பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்ற வினைக்கு உருப்போடுதல், ஒப்பித்தல் என்ற பொருள்களும் இருந்தன. பறவை மெல்லப் பாடிப் பழகுவதையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆக, இதன் பெயரிலேயே பயிற்சி இருக்கிறது. அப்படிப்பட்ட கருவிக்குத்தான் இன்று 'பயிற்சியே வேண்டாத வாத்தியம்' என்று பெயர்.

நான் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில், மாதம் ஒருமுறை கூடும் அமெச்சூர் குழுவில் டெனார் ரெக்கார்டர் வாசிக்கிறேன். இந்த இசையைச் சுற்றி இரண்டு இனிப்பான வாசகங்கள் எப்போதும் காதில் விழும். குழந்தைகளிடம், "ரொம்ப ஈஸி, சும்மா ஊதினா போதும்." பெரியவர்களிடம், "நாம அமெச்சூர்தானே, சந்தோஷமா வாசிச்சா போதும்." இரண்டும் அன்பாகச் சொல்லப்படுபவை. இரண்டும் இந்த இசையைக் கெடுக்கின்றன என்பது என் வாதம்.

முதலில் 'ஈஸி'. புல்லாங்குழல் கற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் காத்துதான் வரும், நாதம் வராது. உதட்டைக் குவித்து, காற்றைத் துளையின் விளிம்பில் சரியான கோணத்தில் மோதவிட வேண்டும். ரெக்கார்டரில் அந்த வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. வாய் வைக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டை அடைப்பு, அதன் மேல் குறுகலான ஒரு காற்றுவழி, அதன் முடிவில் கூரான விளிம்பு. ஊதினால் சத்தம் வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் மூன்று சுரம் வாசித்துவிடலாம்.

ஆனால் உதட்டுக்கு வேலை இல்லை என்றால், உதட்டால் திருத்தவும் வழி இல்லை. ரெக்கார்டரில் அழுத்தி ஊதினால் சத்தத்தோடு சுருதியும் ஏறும். மெல்ல ஊதினால் சுருதி இறங்கும். சுருதி பிசகாமல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் விரலால் துளையைப் பாதி மூடி ஈடுகட்ட வேண்டும். அதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். மூச்சு தடுமாறினால் ஒளித்துக்கொள்ள இடமே கிடையாது. 1535-ல் வெனிஸில் வெளியான கனாஸியின் பாடநூல், மனிதக் குரலைப் பின்பற்றுவதுதான் இந்தக் குழலின் லட்சியம் என்கிறது. சுரத்தைத் தொடங்க நாக்கால் உச்சரிக்க வேண்டிய அசைகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. பார்த்தால் நமக்குக் கொன்னக்கோல் ஞாபகம் வரும். எளிய கருவிக்கு யாரும் இவ்வளவு எழுதமாட்டார்கள்.

ஷேக்ஸ்பியருக்கும் இது தெரிந்திருக்கிறது. ஹாம்லெட் ஒரு ரெக்கார்டரை கில்டன்ஸ்டெர்னிடம் நீட்டி, இதை வாசி, சுலபம்தான் என்கிறான். அவன் தெரியாது என்று கெஞ்சுகிறான். இந்தச் சின்னக் குழலையே வாசிக்கத் தெரியாத நீ என்னை வாசிக்கப் பார்க்கிறாயா என்பதுதான் ஹாம்லெட்டின் கோபம். அந்தக் காட்சியில் 'சுலபம்' என்ற சொல் ஒரு பொறி. நானூறு வருடம் கழித்தும் நாம் அதில் விழுந்துகொண்டிருக்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறக்குறைய மறைந்துபோன இந்தக் கருவி மீண்ட கதை சுவாரசியமானது. அர்னால்ட் டோல்மெட்ச் தன்னிடம் இருந்த பழைய ரெக்கார்டர் ஒன்றைப் பொக்கிஷமாக வைத்திருந்தார். 1919-ல் சிறுவனான அவர் மகன் கார்ல் அதை லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் தவறவிட்டுவிட, எடுத்து வைத்திருந்த அளவுகளைக் கொண்டு அப்பா தானே ஒன்றைச் செய்தார். 1930களில் எட்கர் ஹன்ட் போன்றவர்கள் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்கள். 1937-ல் ஹன்ட்டும் கார்லும் சேர்ந்து ரெக்கார்டர் வாசிப்போர் சங்கத்தைத் தொடங்கினார்கள். போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது, விலை இறங்கியது. அதன்பிறகுதான் வகுப்புக்கு முப்பது குழந்தைகள், முப்பது சோப்ரானோ என்ற ஏற்பாடு.

சோப்ரானோ, தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் குழல். அந்த உயரத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே சுரத்தைப் பிடிப்பதே கஷ்டம். மயிரிழை விலகினாலும் காது கூசும். முப்பது குழந்தைகள் ஒரே சுரத்தைப் பிடிப்பது தேர்ந்த கலைஞர்களே தயங்கும் காரியம். அதைத்தான் முதல் பாடமாக வைத்தோம். காதைப் பொத்திக்கொண்டு, குற்றத்தைக் கருவியின் மேல் போட்டோம். யாரும் அந்தக் குழந்தைகளுக்கு மூச்சைச் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கச் சொல்லவில்லை. விரல் எந்தத் துளையில் என்பது மட்டும்தான் பாடம்.

ஜெர்மனியில் இன்னொரு வகைக் கருணை நடந்தது. ஸ ரி க வரை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம். மத்யமத்துக்கு மட்டும் ஒரு விரலைத் தூக்கி, கீழே உள்ளவற்றை மூட வேண்டும். இது குழந்தைகளுக்குச் சிரமம் என்று பீட்டர் ஹார்லன் 1920களில் துளைகளை மாற்றி அமைத்தார். சுத்த மத்யமம் சுலபமானது. பிரதி மத்யமம் கெட்டது. நம் பாஷையில் சொன்னால், சங்கராபரணம் வாசிக்கிற வரை ஒன்றும் தெரியாது, கல்யாணியைத் தொட்டால் மாட்டிக்கொள்வார்கள். முதல் மாதத்தில் கொடுத்த சலுகைக்குப் பிந்தைய வருடங்களில் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

இனி இரண்டாவது வாசகம்: 'அமெச்சூர்தானே'. தமிழில் இதற்கு நல்ல சொல் இல்லை. 'கற்றுக்குட்டி' என்பது வசவு. நமக்கு இந்தச் சொல் பழக்கமானது பெரும்பாலும் நாடகத்தின் வழியாக. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் தொடங்கிய சுகுண விலாச சபை, நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களின் சபை. பிழைப்பு இல்லை என்பதுதான் அமெச்சூர் என்பதன் பொருள். அக்கறை இல்லை என்பதல்ல.

ரெக்கார்டரின் நல்ல இசையில் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்களுக்காகவே எழுதப்பட்டது. டெலமன் 1728-ல் ஹாம்பர்க்கில் ஓர் இசைப் பத்திரிகை தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு பக்கம். ஒவ்வொரு இதழுக்கும் 'பாடம்' என்று பெயர். ஒரு சொனாட்டாவின் முதல் பகுதி இந்த இதழில் வரும், அடுத்த பகுதிக்குத் தொடர்கதை மாதிரி காத்திருக்க வேண்டும். வீட்டில் வாசிக்கும் சந்தாதாரர்களை அவர் தடவிக்கொடுக்கவில்லை. அதில் வந்த ரெக்கார்டர் சொனாட்டாக்களை இன்றும் மேடைக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். 1932-ல் ஹிண்டமித், பிளோன் என்ற ஊரில் ஒரு பள்ளியின் இசை நாளுக்காக மூன்று ரெக்கார்டர்களுக்கு ஒரு ட்ரியோ எழுதினார். மாணவர்கள்தானே என்று அவரும் தண்ணீர் கலக்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் பல வருடம் நடந்தது வேறு. இரண்டு மணி நேரத்தில் ஏழு உருப்படி. தலைமை தாங்குபவர் கடைசிச் சுரம் முடிந்ததும் "அருமை! அடுத்தது" என்பார். அருமையாக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். உருப்படிகளில் பாதி, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசையை ரெக்கார்டருக்கு மாற்றியவை. வயலின்கள் மெல்லத் தொடங்கி அலையாக உயர வேண்டிய இடத்தில் நாங்கள் அழுத்தி ஊதுவோம். இருபது பேரின் சுருதியும் இருபது விதமாக ஏறும். பதினாறாம் நூற்றாண்டின் குழு இசை அப்படி எதையும் கேட்பதில்லை. ஒரு குரல் நுழையும், இன்னொன்று ஓயும். ஏற்ற இறக்கம் அதிலிருந்தே வந்துவிடும். கருவிக்கு ஒத்துவராத இசையைக் கொடுத்துவிட்டு, நாங்கள் அமெச்சூர்கள் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை சொல்லித்தர வந்தார். எங்களில் பலர் சுருதி பார்க்கும் எலக்ட்ரானிக் ட்யூனரை மடியில் வைத்து வாசிப்போம். அவர் முதலில் சொன்னது, "அந்த மெஷினை அணைச்சிடுங்க. பக்கத்துல இருக்கறவரைக் கேளுங்க." நான்கு பேரின் ட்யூனரிலும் பச்சை விளக்கு எரியும், சேர்ந்து ஒலித்தால் கசக்கும். காரணம் இருக்கிறது. ட்யூனர் காட்டுவது பியானோவின் காந்தாரம். ஸ-வோடு முழுமையாக இழையும் காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே இருக்கிறது. தம்புராவை மீட்டினால் தானாக எழும் அந்த அந்தர காந்தாரமேதான். அந்த இடத்தை மெஷின் காட்டாது, காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ரெக்கார்டரே உதவவும் செய்கிறது. இரண்டு பேர் மேல் ஸ்தாயியில் ஸ-வையும் காந்தாரத்தையும் பிடித்தால், இரண்டு ஸ்தாயி கீழே யாரும் வாசிக்காத ஒரு சுரம் காதில் உறுமும். காந்தாரம் சரியாக அமைந்தால் அந்த உறுமலும் ஸ-வாகவே நிற்கும். கொஞ்சம் ஏறினாலும் அது அபஸ்வரமாக அலையும். அதை முதல்முறை கேட்ட நாளில் எங்கள் அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அந்த அமைதிக்கு ஒரு விலை இருந்தது. ஆசிரியை ஒரு கடைசிக் கார்டுக்காக இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். தப்பு என்று சொல்லவேமாட்டார், "யாரு மேல இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அடுத்த மாதம் இரண்டு பேர் வரவில்லை. அதில் பாஸ் வாசிப்பவர் என்னிடம் சொன்னார்: "வாரம் பூரா ஆபீஸ்ல ஒருத்தன் என் வேலையில குறை சொல்றான். சனிக்கிழமையும் எனக்கு அது வேணுமா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. களைத்து வருபவருக்கு இளைப்பாற ஓர் இடம் வேண்டும்; குழுக்கள் உயிரோடு இருப்பதே அதனால்தான். பாஸ் இல்லாமல் நாங்கள் பல மாதம் மூன்று குரல் இசையை மட்டுமே வாசித்தோம். ஆனாலும் நான் ஆசிரியையின் பக்கம்தான். மேலதிகாரி குறை சொல்வது அவருக்கு ஒரு முடிவு தேவைப்படுவதால். ஆசிரியை கேட்டது, அந்த மனிதருக்குக் காது இருக்கிறது என்று நம்பியதால். "அருமை! அடுத்தது" என்பதில் அந்த நம்பிக்கை இல்லை. உங்களால் இதற்கு மேல் முடியாது என்பதை நாசூக்காகச் சொல்வதுதான் அந்தப் பாராட்டு.

எனவே எங்களைப் போன்ற குழுக்களைக் கேட்க நேர்ந்தால் வேகத்தையும் விரலையும் பார்க்காதீர்கள். அதில் நாங்கள் எப்போதும் தோற்போம். எல்லோரும் சேர்ந்து மூச்செடுக்கிறார்களா என்று கவனியுங்கள். முக்கியமாக, கடைசிச் சுரத்தைக் கேளுங்கள்; மூச்சு தீரும்போது சுருதி சரியத் துடிக்கும் இடம் அதுதான். அது நேராக நின்று முடிந்தால் கைதட்டுங்கள். நிற்கவில்லையென்றால், டீ குடிக்கும்போது யாரிடமாவது அதைச் சொல்லுங்கள்.