சட்டம் போட்ட தர்மம்

தர்மத்துக்குச் சட்டம் போட முடியுமா? நம் நாட்டில் போட்டார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், 135-ஆவது பிரிவு. 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 5 கோடி ரூபாய் நிகர லாபம் காணும் கம்பெனி, முந்திய 3 வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றார்கள். அதனால் பள்ளிக்கூடம் எழும்புகிறது, குடிநீர் வருகிறது. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சொல்லாமல் விட்டதைத் தேடுவான். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்தேன். அந்த 2 பங்குக்குப் பக்கம் பக்கமாய்ப் படங்கள். மீதி 98 எப்படி வந்தது? ஒப்பந்தக் கூலிக்காரனுக்கு என்ன கிடைத்தது? ஆலைக் கழிவு எங்கே போயிற்று? ஒரு வரி இல்லை.

கொடுத்த கையை மட்டும் காட்டினால் பாத்திரம் பாதிதான். சம்பாதித்த கையையும் காட்டட்டும். அப்புறம் தர்மம் என்போம்.