புதுமைப்பித்தன் கண்ட கடவுள்

கடவுள் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் வாதிடக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இரு சாரார் உள்ளத்திலும் இருப்பது ஒரே படந்தானோ? கேட்ட வரத்தைக் கொடுப்பவர், தவறினால் தண்டிப்பவர், காணிக்கைக்கு மனம் இரங்குபவர் என்னும் படம் அது. ஆத்திகர் அதற்கு மாலை சூட்டுகிறார். நாத்திகர் அதையே கிழித்தெறிகிறார். அதை எழுதியவர் யார் என்று கேட்பார் அரியர்.

அக்கேள்வியைச் சிரித்துக்கொண்டே எழுப்பியவர் புதுமைப்பித்தன் (1906-1948). 1943-இல் வெளிவந்த அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையில், சென்னைப் பிராட்வே முனையில் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு நிற்கிறார் கடவுள். பிள்ளை அவரைக் காப்பி ஓட்டலுக்கு அழைத்துச் செல்கிறார். காப்பியின் சுவையில் கடவுள் தம்மை மறக்க, அது சிக்கரித் தூளின் வேலை என்று விளக்குகிறார் பிள்ளை.

வந்தவர் யார் என்று தெரிந்த பின்னும் பிள்ளை காலில் விழவில்லை. இல்லை என்று மறுக்கவுமில்லை. வரம் என்ற பேச்சையே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். ஒரு தெய்வம் வரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், பின்னால் இன்னொன்று வந்து தலையைக் கேட்கும் என்பது அவர் அச்சம். தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்ப்பதே அவருக்குப் போதும். இங்கேதான் கதையின் உயிர்நாடி இருக்கிறது. கொடுப்பதையும் தண்டிப்பதையும் நீக்கிவிட்டால் கடவுளிடம் எஞ்சுவது என்ன? பக்தர் இதைக் கேலி என்று முகம் சுளிக்கலாம். பகுத்தறிவு அன்பர் தம் கட்சிக்கு ஆள் கிடைத்தார் என்று கை தட்டலாம். இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பேன்.

பிழைப்புக்காகக் கடவுளும் தேவியும் ஒரு திவான் பகதூரின் முன் ஆடிக்காட்டும் பகுதி சற்று நீண்டுவிட்டது. சபாக்காரர்கள்மீது ஆசிரியருக்கு இருந்த கோபம் பேனாவை இழுத்துச் சென்றுவிட்டது போலும். ஆயினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. செம்பில் வார்த்த ஆடலைத் தொழுகிற சமூகத்தில், உயிரோடு வந்து ஆடியவருக்கு இடமில்லை. படத்துக்கு ஒத்துவராததால் ஆளே தள்ளுபடி!

குழந்தை வள்ளிக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அவளிடம் முன்கூட்டி எழுதிய படம் எதுவும் கிடையாது. தாத்தா என்று உறவாடுகிறாள், கூட விளையாடுகிறாள். கடவுள் தம்மை மறந்து மகிழ்வதும் அவளிடத்தில்தான்.

முடிவில், மனிதரோடு கூடி வாழ இயலாது, எட்ட நின்று வரந்தான் கொடுக்கலாம் என்று சொல்லி மறைந்துவிடுகிறார் கடவுள். நாம் எழுதிய படத்துக்குள்ளேயே அவர் திரும்பிப் போகிறார். பிள்ளை சந்தாவைக் கணக்கில் பதிகிறார். தாத்தா போய்விட்டாரா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறவள் வள்ளி ஒருத்திதான்.