தூரத்தில் நின்ற ஜனங்கள்

தமிழ்ச் சபைகளில் விசுவாசிகள் விடைபெறும்போது அடிக்கடி சொல்லிக்கொள்வது, "எனக்காக ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்பதைத்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரைச் சூழ்ந்து நிற்பவர்களும், உபவாச ஜெபத்தில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பவர்களும், வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு அனுப்புபவர்களும் இதையே கேட்கிறார்கள். மகளின் திருமணம், மகனின் விசா, ஸ்கேன் ரிப்போர்ட், அடைபடாத கடன் என்று குறிப்புகள் நீளும். எந்நேரமும் தொலைபேசியில் அழைத்து ஜெபிக்கச் சொல்வதற்கென்றே ஜெபக் கோபுரங்கள் எழுந்த நாடு இது. இவ்வளவு தாகம் இருக்கிறது. ஆனால் தேவனோடு நெருங்கிச் சேரவேண்டும் என்று கண்ணீரோடு பாடும் அதே விசுவாசி, கதவைப் பூட்டித் தனியாக அவர் முன் அமரவேண்டிய வேளையில் நழுவிவிடுகிறார். நேரமில்லை, சோம்பல், உலகக் கவலை என்று பிரசங்கங்கள் சொல்லும் காரணங்கள் இதை முழுதாக விளக்குவதில்லை. நேரமில்லாதவர்களே இரவெல்லாம் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வந்து உட்காருகிறார்கள். நாம் தயங்குவதற்குக் காரணம், கேட்டதை அவர் தரமாட்டார் என்ற பயத்தைவிட, கேளாத ஒன்றைப் பற்றி அவர் பேசத் தொடங்கிவிடுவார் என்ற பயமே என்பது என் முடிவு. அந்தப் பயத்தைத் தீர்க்கவும் ஜெபக்குறிப்பு வழக்கத்தால் முடியும். அதை மூடிமறைத்து வளர்க்கவும் முடியும்.

இந்தப் பயத்துக்கு வேதாகமத்திலேயே பழைய சாட்சி உண்டு. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் சீனாய் மலை புகைகிறது. இடியும் மின்னலும் எக்காளச் சத்தமுமாக இருக்கிறது. ஜனங்கள் பின்வாங்கித் தூரத்தில் நின்று, தேவன் பேசினால் செத்துப்போவோம், நீரே எங்களோடு பேசும் என்று மோசேயிடம் கேட்டுக்கொள்கிறார்கள். தேவன் சொல்வதைக் கேட்க மனமில்லாதவர்கள் அல்லர் இவர்கள்; அவர் குரல் இடையில் ஆளின்றித் தங்கள்மேல் விழுவதைத்தான் தாங்க முடியவில்லை. 33ஆம் அதிகாரத்தில் இதே ஜனங்களை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். பாளயத்துக்கு வெளியே ஒரு கூடாரம். கர்த்தரைத் தேடும் எவரும் அங்கே போகலாம் என்று அந்தப் பகுதி சொல்கிறது. மோசே அதை நோக்கி நடக்கும்போதோ, ஒவ்வொருவரும் எழுந்து தத்தம் கூடார வாசலில் நின்று, அவர் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேகத்தூண் இறங்கியதும் நின்ற இடத்திலிருந்தே பணிந்துகொள்கிறார்கள். பக்தியில் குறைவில்லை, தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தத் தூரத்தின் விலையும் இடையில் உள்ள 32ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. மலைமேல் போன மோசே தாமதித்தபோது, அவர் வழியாக மட்டுமே தேவனை அறிந்திருந்தவர்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்துகொண்டார்கள். தங்களுக்குப் பிரியமான ஊழியர் ஒருவர் தவறி விழும்போது, அவரோடு சேர்த்து விசுவாசத்தையும் இழந்துபோகிறவர்களின் நிலைமை இதிலிருந்து வெகுதூரம் இல்லை.

இதை வைத்துப் பிறரிடம் ஜெபம் கேட்பதே பலவீனம் என்று தீர்ப்புச் சொன்னால் அது அநியாயம். நோயாளி மூப்பரை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு நிருபம் அறிவுறுத்துகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஜெபத்தில் ஒரு வார்த்தை வராது; அவளுக்காகச் சபை பேசுவது அன்பின் கடமை. குடிகாரக் கணவனைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் வாய்திறக்க முடியாத பெண், தன் பாரத்தை முதன்முறையாக ஒரு சீட்டில் எழுதி வெளியே கொண்டுவருகிறாள். தான் தனியாக இல்லை என்று அறிவதே அவளுக்குப் பாதிச் சுகம். இந்த வழக்கம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு மாற்கு 2ஆம் அதிகாரம் நல்ல அளவுகோல். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நான்கு பேர், கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அவன் வீட்டில் கிடக்க, தாங்கள் மட்டும் போய் இயேசுவிடம் செய்தி சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. அவனையே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே நடந்ததையும் கவனிக்கவேண்டும். அவர்கள் கொண்டுவந்தது முடங்கிக் கிடந்த உடம்பை. இயேசு முதலில் பேசியதோ அவனுடைய பாவங்களைப் பற்றி. எந்தக் குறிப்பிலும் எழுதப்படாத காரியம் அது. கிட்டத்தில் போனவனுக்குத்தான் அந்த வார்த்தை கிடைத்தது.

ஜெபக்குறிப்பு வழக்கத்தின் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. சீட்டில் எதை எழுதுவது என்பதை நாமே தீர்மானிக்கிறோம். கடன் தீரவேண்டும் என்று எழுதுகிறோம். அந்தக் கடன் எந்த ஆசையால் வந்தது என்று எழுதுவதில்லை. மகனுக்கு நல்ல பெண் அமையவேண்டும் என்று எழுதுகிறோம். எந்தச் சாதியில் மட்டும் பார்க்கிறோம் என்பதை விட்டுவிடுகிறோம். ஜெபிக்கிறவரும் எழுதியதற்குத்தான் ஜெபிக்க முடியும். இப்படி விண்ணப்பம் மட்டும் தேவனிடம் போகிறது, விண்ணப்பிக்கிறவர் போவதில்லை. லூக்கா 15இல் வீடு திரும்பும் இளைய குமாரனும் இதற்கு நெருக்கமான ஒன்றையே திட்டமிட்டான். தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்பதாக அவன் புறப்படும் முன்பே வார்த்தைகளைத் தயார் செய்திருந்தான். அது தாழ்மையாகத் தெரிந்தாலும் அதில் ஒரு பாதுகாப்பு உண்டு: வேலை, கூலி, மாலையானால் தன் இடத்துக்குத் திரும்புதல். கூலிக்காரனுடைய மனதுக்குள் எஜமான் நுழையத் தேவையில்லை. தகப்பனோ அந்த வாக்கியத்துக்கு இடம் கொடாமலே வஸ்திரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மூத்தவன் வீட்டைவிட்டுப் போகாமலே இதே ஏற்பாட்டில் வாழ்ந்தவன். இத்தனை வருஷம் ஊழியம் செய்தேனே என்று கணக்குச் சொல்கிறவன். சபையில் ஓய்வின்றி உழைக்கும் பலர் அவனுக்குச் சகோதரர்களே.

தாங்கள் தகுதியற்றவர்கள் என்பதால்தான் பிறரிடம் கேட்பதாகப் பலர் சொல்கிறார்கள். இந்தத் தாழ்மையைச் சோதித்துப் பார்த்தவர் ஸ்பெயினின் ஆவிலா நகரத்துத் தெரேசா. 1565இல் எழுதி முடித்த தன் வாழ்க்கை வரலாற்றில், ஒரு வருஷத்துக்கும் மேலாக மன ஜெபத்தை விட்டிருந்ததை அவர் ஒளிக்காமல் பதிவு செய்கிறார். இவ்வளவு குறையுள்ள நான் எந்த முகத்தோடு தேவன் முன் போவது என்பதே காரணம்; தகப்பனாரிடமோ உடல்நலக் குறைவைச் சாக்காகச் சொல்லி வைத்தார். பிற்பாடு அதைப் பொய்த் தாழ்மை என்றும், தனக்கு நேர்ந்த மிகக் கொடிய சோதனை என்றும் அடையாளம் கண்டார். ஜெபத்துக்குத் திரும்பிய பிறகும், நேரம் முடியாதா என்று மணிக்கூண்டின் ஒலிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் பல என்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை ஜெபத்தின் ஆசிரியராகப் போற்றும் ஒருவரே இதைச் சொல்லும்போது, விலகி ஓடும் மனம் அவிசுவாசிகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வழியில்லை. தகுதியில்லை என்ற உணர்வு உண்மையாகவே இருக்கலாம்; அதை முன்வைத்து விலகி நிற்கும்போது, திருந்தவேண்டிய பொறுப்பையும் நாம் தள்ளிப்போடுகிறோம்.

இப்படிக் கிட்டத்தில் போகவேண்டும் என்பதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. தேவன் பரிசுத்தர், தூரமே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது முதலாவது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில், ஜனங்கள் சொன்னது சரி என்று தேவனே ஒப்புக்கொள்கிறார் என்பது அதற்குத் துணை நிற்கும். ஆனால் அங்கே அவர் ஏற்றுக்கொள்வது அவர்களுடைய பயபக்தியை. அந்த இருதயம் என்றும் நிலைக்கவேண்டும் என்பதே அவருடைய ஏக்கம். புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபமோ சீனாய் அனுபவத்தை நினைவுபடுத்துகிறது; இயேசுவின் மூலமாகத் தைரியமாய்க் கிட்டிச் சேருங்கள் என்றும் அழைக்கிறது. இயேசு மரித்தபோது தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்தபின் தொலைவில் நிற்பதை மரியாதை என்று சொல்வது கடினம். தனிப்பட்ட நெருக்கத்தைப் பற்றிய இந்தப் பேச்சே ஜெர்மானியப் பக்தி இயக்கத்தின் இறக்குமதி என்பது இரண்டாவது மறுப்பு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் அந்த இயக்கத்தில் உருவானவர் என்பது உண்மைதான். எனினும் சங்கீதங்கள் சபையாகப் பாடப்பட்டவை. அவற்றில் பலவற்றில் பேசுவது 'நான்' என்னும் தனிக்குரல். தேவனை முன்னிலையில் நிறுத்தி அழுதும் ஊடியும் பேசுவது தமிழ்ப் பக்தி மரபுக்கும் பழக்கமானது. அந்த நடையில்தான் கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய மனோகரத்தைப் பாடினார்.

மூன்றாவது மறுப்பே என்னை அதிகம் நிதானிக்க வைக்கிறது. நாடியவர்கள் எல்லாரும் நெருக்கத்தை உணர்வதில்லை. 2007இல் வெளியான அன்னை தெரேசாவின் கடிதங்கள், பல பத்தாண்டுகள் தேவன் இல்லாததுபோன்ற இருளில் அவர் ஜெபித்ததைக் காட்டுகின்றன. அடித்து வளர்த்த தகப்பனை மட்டுமே அறிந்தவருக்குப் பரம பிதா என்ற சொல்லே நடுக்கம் தரலாம். ஆகவே உணர்ச்சியை வைத்து நெருக்கத்தை அளப்பது கொடுமை. ஜெபத்தில் வறண்டு கிடப்பவரை ஓடிப்போனவர் என்று குற்றப்படுத்துவதும் தவறு. நெருக்கம் என்பது ஒளிக்காமல் நிற்பது. ஒன்றும் உணராமல் நின்ற அன்னை தெரேசா, அழுது பாடிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறவர்களைவிடக் கிட்டத்தில் இருந்தார்.

சபைகள் ஜெபக்குறிப்பு வாங்குவதை நிறுத்தவேண்டியதில்லை. வாங்கும் விதத்தை மாற்றவேண்டும். குறிப்பைக் கொடுத்தவரிடமே, முடிந்தால் முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள், மீதியை நான் தொடர்கிறேன் என்று போதகர் சொல்லலாம். கூட்டத்தில் சத்தம் ஓயும் சில நிமிடங்களை ஒதுக்கி, சீட்டில் எழுதாததை அவரவர் தேவனிடம் சொல்ல இடம் கொடுக்கலாம். பதில் கிடைத்த சாட்சிகளோடு, பதில் இல்லாமலே காத்திருப்பவர்களின் சாட்சிகளையும் கேட்கலாம். இதனால் போதகரின் முக்கியத்துவம் சற்றுக் குறையும், உண்மைதான். தன்னிடம் வருகிறவர் ஒருநாள் தான் இல்லாமலும் தேவன் முன் நிற்கப் பழகவேண்டும் என்று விரும்பாத ஊழியம், எத்தனை பேருக்காக ஜெபித்தாலும் அவர்களைக் கூடார வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.