அடிக்கக் கூடாது; அப்புறம்?

"அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. அப்புறம் வகுப்பை எப்படிக் கட்டி மேய்ப்பது?" ஆசிரியர் ஓய்வறைகளில் எழும் இந்தக் கேள்வியை வெறும் முணுமுணுப்பு என்று ஒதுக்குவது அநியாயம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. தேவையான தடைதான். ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் முட்டி போட வைப்பதும், வெளியே நிறுத்துவதும், "டி.சி. கிழிச்சிடுவேன்" என்ற மிரட்டலும் வந்து உட்கார்ந்துகொண்டால் குழந்தைக்கு என்ன மிச்சம்?

அமெரிக்காவில் லீ கான்டரும் மார்லீன் கான்டரும் 1976இல் முன்வைத்த முறை நமக்குப் புதிதாகத் தோன்றாது. விதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீறினால் பெயர் கரும்பலகையில் ஏறும். மறுபடி மீறினால் பெயருக்கு அருகே ஒரு குறி. குறி கூடக் கூடத் தண்டனையும் கூடும். ஆசிரியர் இல்லாத நேரத்தில் நம் கிளாஸ் லீடர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். இதில் ஒரு நேர்மை உண்டு: ஆசிரியரின் அன்றைய மனநிலைக்கு ஏற்பத் தண்டனை மாறாது. ஆனால் பதிமூன்று வயதுப் பையனின் பெயரை எல்லாரும் பார்க்க எழுதினால் அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவனால் இறங்கி வர முடியாது. பெயரைப் பலகையில் எழுதும் வழக்கத்தைக் கான்டரே பின்னாளில் கைவிட்டார்.

இதைவிட ஆழமான பதில் ஜேக்கப் கூனின் என்பவர் 1970இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இருக்கிறது. டெட்ராய்ட்டில் பேராசிரியராக இருந்தவர் அவர். தன் வகுப்பில் செய்தித்தாள் படித்த ஒருவரைக் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் விறைத்து உட்கார்ந்ததைக் கவனித்தார். எப்படிக் கண்டித்தால் பலன் மிகும் என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்தபோது தேடல் தலைகீழானது. கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பு அடங்குவதற்கும் சொல்லத்தக்க தொடர்பே இல்லை! வேறுபாடு, குழப்பம் தொடங்குவதற்கு முன்பே இருந்தது. ஒரு குழந்தையின் நோட்டைப் பார்த்தபடியே மற்ற மூலைகளையும் கவனித்தவர்கள், தீப்பொறி எங்கே விழுகிறது என்று உடனே அறிந்தவர்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடுமாறாமல் வகுப்பை நகர்த்தியவர்கள்: இவர்களிடம்தான் ஒழுங்கு இருந்தது.

குறைகளும் உண்டு. கூனின் படம்பிடித்தவை தொடக்க வகுப்புகள். ஒன்பதாம் வகுப்பின் சிக்கல் வேறு. அடங்கிய வகுப்பில் எந்த ஆசிரியரும் திறமைசாலியாகத் தெரிவார் என்ற ஐயமும் முழுதாகத் தீரவில்லை. வகுப்புக்கு வெளியிலிருந்து வரும் பகைக்கு இதில் மருந்தே இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதற்குத் தடை கேட்டது. அந்தப் பகையைத் தனியோர் ஆசிரியரின் கூரிய கண் தீர்த்துவிடாது.

தண்டிப்பதற்குப் பதிலாகக் கூடிப் பேசித் தீர்க்கும் முறை விடையாகுமா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளில் அதை ஆராய்ந்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் அறிக்கை தந்தது. இடைநீக்க நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் மதிப்பெண் சரிந்தது.

ஆகவே என் தீர்ப்பு கூனின் பக்கம், ஒரு சேர்க்கையோடு. எதிர்த்துப் பேசும் மாணவனை அந்த நிமிடமே வெல்லப் பார்க்கக் கூடாது. பெஞ்சருகே போய், தாழ்ந்த குரலில் "மணி அடிச்சதும் பேசலாம்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர வேண்டும். மணி அடித்ததும் உண்மையிலேயே பேச வேண்டும். அதற்குக் கால அட்டவணையில் இடம் தருவது தலைமையாசிரியர் பொறுப்பு. பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சியில் தங்கள் வகுப்பைப் படம்பிடித்து, பின்பெஞ்சை எத்தனை முறை பார்த்தோம் என்று எண்ணிப் பழகட்டும். 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதற்கு மேல் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்துவிட்டு ஆசிரியரைக் கேள்வி கேட்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை.