பீரோவும் பட்டியலும்

மாதுங்காவில் கடை வைத்திருப்பவன் நான். இருப்பு எழுதாத கடை தேறாது, நூலகமும் அப்படித்தான்.

கும்பகோணத்துச் சமண அன்பர்கள் விளக்கம் சொல்லி உதவ, உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பது யாவரும் அறிந்ததே. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபின், அவர் சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கியது. கப்பலேற்றவில்லை; சென்னையிலேயே வைத்துப் பட்டியலிட்டு நுண்படமெடுக்க வழிசெய்தது. பணம் அங்கே, நூல் இங்கே, பயன் எல்லாருக்கும்.

நாமோ பெயர் பொறித்த பீரோ வாங்கித் தருகிறோம், நானும்தான். பட்டியல் எழுதுபவருக்குச் சம்பளம் என்றால் மட்டும் கை நீளமாட்டேங்குது. செம்பூரில் இருக்கும் நூல் தாராவிப் பிள்ளைக்குத் தெரியாமலே செல்லரிக்கிறது. இந்த ஆண்டு பீரோ வேண்டாம் ஐயா, பட்டியலுக்குக் கொடுப்போம். முதல் போணி என்னுடையது.