சயீதியரின் பழியும் மடத்தின் அடைக்கலமும்

தென் எகிப்தின் சயீதியரைக் கெய்ரோ நகரத்தார் நெடுங்காலமாய் நகைப்புக்கும் பழிக்குப்பழிக் கதைகளுக்கும் உரியவராகவே சித்திரித்து வந்துள்ளனர். பஹா தாஹிர் 1991இல் வெளியிட்ட 'சிற்றன்னை ஸஃபிய்யாவும் மடமும்' என்னும் நாவலின் கருவும் இரத்தப்பழியே. ஆயினும், தற்காப்புக்காகக் கொலை செய்த ஹர்பி கோப்து மடத்தில் அடைக்கலம் பெறுகிறான். எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தின் அடைக்கலப்பட்டணங்கள் நம் நினைவிற்கு வருகின்றன. இதனைத் திருச்சபையின் பெருமையாக மட்டும் வாசிக்க நாம் விரைதல் ஆகாது. அவ்வடைக்கலத்திற்கு வழிசெய்பவர் கதைசொல்லியின் இஸ்லாமியத் தந்தையே. பழிவாங்கும் மரபும் அடைக்கலமளிக்கும் மரபும் ஒரே மண்ணில் விளைந்தவை என்று காட்டியதே இந்நாவலின் மெய்யான ஆற்றல்.

ஸஃபிய்யாவைக் குறித்து நமக்கு நிறைவில்லை. தன் மகனையே பழிக்கென்று வளர்க்கும் அத்தாயை நாம் பிறன் கண்வழியாகவே காண்கிறோம். மடத்தின் கதவு ஹர்பிக்குத் திறந்தது. அவளுடைய உள்ளத்தின் கதவை ஆசிரியர் பாதியே திறந்தார்.